மூடியில் ஒட்டிய சீட்டு

"டீச்சர், கம்ப்யூட்டருக்கு வயசாயிருச்சுன்னு அதுக்கே தெரியுமா, இல்ல யாராச்சும் வந்து சொன்னாங்களா?"

முதல் நற்கருணைக்கான புதுநன்மை வகுப்பில் நிக்கோல் ஒருமுறை இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. நான் பத்துக் கட்டளைகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் கட்டளைக்கும் ஐந்தாம் கட்டளைக்கும் நடுவில் நீல நிறத்தில் ஓர் அறிவிப்பு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது. இந்த மடிக்கணினியில் இருக்கும் விண்டோஸுக்கு இனிப் பாதுகாப்பு கிடையாதாம். புதியதை ஏற்றலாம் என்றால், அதற்கு இந்தக் கணினிக்குத் தகுதி இல்லையாம். நிக்கோல் அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் கேட்டாள்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கயோ தூரத்துல உக்காந்திருக்கிற ஆளு சொல்றாரும்மா," என்றேன். என் குரலில் இருந்த சூடு எனக்கே கேட்டது.

என் பெயர் அந்தோணியம்மாள். சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், உலு திராமில், எங்கள் கோயிலின் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுத்தாளும் வாசகத்தாளும் தயாரிப்பது பதினேழு வருடமாக என் வேலை. சம்பளம் கிடையாது. யாரும் கேட்டுக்கொண்டதும் கிடையாது. தொடக்கத்தில் ஒருவர் செய்துகொண்டிருந்தார், அவர் மலாக்காவுக்கு மாற்றலாகிப் போனார், தாள் என் கைக்கு வந்தது, அப்படியே நின்றுவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு பாட்டுகள், சிலுவைப்பாதை, அடக்கச் சடங்கு, திருமணம், எல்லாம் அந்தக் கணினிக்குள்தான். எல்லாவற்றிலும் முக்கியமானது பெரிய வெள்ளிக்கான திருப்பாடுகளின் வாசகம். ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்து, மூக்குக்கண்ணாடி மறந்து வருகிறவர்களும் படிக்கும்படி பெரிய எழுத்தில் அடித்து வைத்திருந்தேன். ஒவ்வொரு வருடமும் ஒரு பிழையாவது கண்டுபிடித்துத் திருத்துவேன். அது என் தவக்கால ஒறுத்தல் என்று என் கணவர் தோமஸ் கேலி செய்வார்.

கோயில் அலுவலகத்திலும் அதே பேச்சு வந்தது. புதிய பிரிண்டரோடு பழைய கணினியை இணைக்கக் கூடாது, வைரஸ் வரும் என்று சொல்லிவிட்டார்கள். பெரிய வெள்ளிக்கு மூன்று வாரம் இருந்தது. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு, கணினி பழுதுபார்க்கும் ஹேமநாதனின் கடைக்குப் போனேன்.

கடைவரிசையில் மாடியில் ஒரு சின்ன அறை. கீழே சலவைக்கடை. ஹேமநாதனுக்கு முப்பது வயது இருக்கும். காதுக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கியபடி, இரண்டு கையாலும் யாருடைய கணினியையோ திறந்து வைத்திருந்தான். என்னுடையதைத் திருப்பிப் பார்த்தான்.

"ஆண்ட்டி, இதுக்குப் புதுசு நேரா ஏறாது. டிஸ்க்க மாத்திட்டு வேற வழியில ஏத்தலாம். ஓடும். ஆனா கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும்."

"மெதுவா ஓடட்டும்பா. நானும் இப்ப மெதுவாத்தான் ஓடுறேன்."

சிரித்தான். அதற்குள் போனில் இருந்தவர் கத்தத் தொடங்கிவிட்டார். அவன் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, என் வழக்கப்படி தமிழில் எழுதினேன்:

'தம்பி, அழிப்பதற்கு முன் பழைய தமிழ் எழுத்துருவைக் கட்டாயம் எடுத்து வைக்கவும். அது இல்லாவிட்டால் என் பாட்டு எதையும் படிக்க முடியாது.'

மூடியின் மேல் டேப் போட்டு ஒட்டினேன். "எல்லாம் அதுல எழுதியிருக்கேன், தம்பி." அவன் சீட்டைப் பார்த்தான். தலையாட்டினான். "ஓகே ஆண்ட்டி. பார்த்துக்கறேன்."

எழுத்துருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இப்போது போனில் எல்லோரும் அடிக்கும் தமிழ் வேறு. நான் பழகியது அந்தக் காலத்துத் தமிழ். அந்த எழுத்துரு கணினியில் இருந்தால்தான் தமிழ் தமிழாகத் தெரியும். இல்லாவிட்டால் வெறும் கிறுக்கல். புதிய முறைக்கு மாறுங்கள் என்று பலர் சொன்னார்கள். நானூற்றுப் பன்னிரண்டு பாட்டை யார் மாற்றுவது?

நான்கு நாளில் வேலை முடிந்தது. கடையில் அவன் கணினியைத் திறந்து காட்டினான். பளிச்சென்று இருந்தது. ஒரு கோப்பைத் திறந்தான். தூரத்திலிருந்து பார்த்தேன், தமிழ் தெரிந்தது. "ஃபர்ஸ்ட்டு இங்கிலீஷ் லெட்டரா வந்துச்சு ஆண்ட்டி. தேடி ஒரு தமிழ் ஃபான்ட் போட்டேன், வந்துருச்சு," என்றான், நல்ல மதிப்பெண் வாங்கிய பையனைப் போல. கண்ணாடி பையில் இருந்தது. எடுத்துப் போட்டுப் பார்க்கவில்லை. அவசரம்.

அன்று மாலை பாடகர் குழுவுக்குப் பயிற்சி. கால்வின் கீபோர்டில் உட்கார்ந்திருந்தான். சிங்கப்பூரில் வேலை செய்கிற பையன், பாலத்தைத் தாண்டி வருவதற்குள் பாதி உயிர் போய்விடும், ஆனாலும் பயிற்சிக்கு வந்துவிடுவான். முதல் தாளைத் திரையில் போட்டேன். கண்ணாடியை மாட்டினேன்.

'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'ஞூழபடுஙீ ணௌகெழுறூ' என்று இருந்தது. எல்லாம் தமிழ் எழுத்துதான். ஒரு சொல்கூடத் தமிழ் இல்லை.

அடுத்ததைத் திறந்தேன். அதற்கடுத்தது. திருப்பாடுகள். எல்லாம் அதே.

"அலமாக்," என்று மலாயில் வியந்தான் கால்வின். "ஆண்ட்டி, பரிசுத்த ஆவி இப்பவே இறங்கி அந்நிய பாஷை பேசுறாரா? பெந்தகோஸ்துக்கு இன்னும் நாள் இருக்கே லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கணினியை அடித்து மூடினேன். சிரிப்பு நின்றது. அன்று பயிற்சி நடக்கவில்லை.

வீட்டுக்கு வந்து செபமாலையைக் கையில் எடுத்தேன். பத்து மணி உருட்டுவதற்குள் வாய் ஒன்று சொல்ல, மனம் வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் கடை திறக்கும்போதே படியில் நின்றேன்.

கடைக்குள் ஏற்கெனவே மூன்று பேர் இருந்தார்கள். ஒரு மலாய்க்காரர், பள்ளி ஆசிரியை போல் ஒரு தமிழ்ப் பெண், அவளோடு ஒரு வயதானவர். நான் யாரையும் பார்க்கவில்லை. கணினியை அவன் மேசையில் வைத்துத் திறந்தேன்.

"இது என்னன்னு படி."

"ஆண்ட்டி?"

"படின்னு சொல்றேன். நீ போட்ட தமிழ்தானே. சத்தமா படி."

அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"நான் சீட்டு ஒட்டினேனா இல்லையா? எழுத்த எடுத்து வைன்னு எழுதினேனா இல்லையா? கண்ணு எங்க போச்சு? அதப் படிக்காம என்ன புடுங்கினே?"

என் வாயில் அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அந்த ஆசிரியை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்த வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தெரியவும் செய்தது.

அவன் மெதுவாகச் சொன்னான். "எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது ஆண்ட்டி."

"என்னது?"

"பேசுவேன். படிக்கத் தெரியாது."

"பேசத் தெரியுது, தமிழனுங்ககிட்ட காசு வாங்கக் கடை நடத்தத் தெரியுது, ரெண்டு வரி படிக்கத் தெரியாதா? உன்னப் பெத்தவங்க உனக்கு என்னத்தத்தான் சொல்லிக் குடுத்தாங்க?"

அவன் முகம் கறுத்தது. கையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தான். சத்தமே வராதபடி வைத்தான். "பழைய டிஸ்க் என்கிட்டதான் இருக்கு ஆண்ட்டி. அழிக்கல. ஒரு ரெண்டு நாள் குடுத்தீங்கன்னா..."

"உன்கிட்ட இன்னொரு தடவ குடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

கணினியைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். படியில் பாதியிலேயே அவனுடைய எண்ணைப் போனில் தடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து கோயில் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். நூற்று எழுபது பேர் இருக்கும் குழு. கடையின் பெயரைப் போட்டேன். 'பதினேழு வருட உழைப்பைக் குப்பையாக்கிவிட்டான். தமிழ் படிக்கத் தெரியாதவனிடம் யாரும் எதையும் கொடுக்காதீர்கள்.'

கைகூப்பிய படங்களும் அழும் முகங்களும் வந்து குவிந்தன. ஒருவர் எழுதினார், 'நானும் அங்கேதான் கொடுத்திருக்கிறேன், இன்றே போய் வாங்கிவிடுகிறேன்.' அதைப் படித்தபோது எனக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. உண்மையைச் சொல்ல வேண்டும், அது இனித்தது. ஞாயிறு தவறாமல் நற்கருணை வாங்குகிற வாய்க்கு அது இனித்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது. தேதி போய்க்கொண்டிருந்தது. பெரிய வெள்ளியன்று திருப்பாடுகளைத் தமிழில் வாசிக்க எழுத்து வேண்டும். போன வருடத்துத் தாள்கள் கோயில் அலமாரியில் கரையான் அரித்துக் கிடந்தன. பிழைத்தது ஒரே ஒரு தாள், அதிலும் பாதிப் பக்கம் இல்லை. திருநூலைத் திறந்து வைத்துக்கொண்டு புதிய விசைப்பலகையில் மறுபடி அடிக்க உட்கார்ந்தேன். என் விரல்கள் பழைய இடங்களையே தேடின. 'பிலாத்து' என்று அடித்தால் வேறு ஏதோ வந்தது. ஒரு பக்கம் முடிக்க ஒரு மாலை போனது. மொத்தம் பதினான்கு பக்கம்.

தோமஸுக்குப் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் வேலை. அந்த வாரம் காலை ஷிப்ட். மாலை நான்கு மணிக்கு ஆலைப் பேருந்தில் வந்து இறங்குவார். நான் கதவைக்கூடத் திறக்கமாட்டேன், சாவி இருக்கிறதே. சோற்றை மூடி வைத்திருப்பேன்.

"அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்த பேசிப் பாரேன், அந்தோணி," என்றார் ஒருநாள்.

"அவன் பேச்ச எடுக்காதீங்க."

"பழைய டிஸ்க் இருக்குன்னானே."

"இருந்தா? அதையும் வாங்கிக் குப்பையாக்கட்டுமா? நீங்க யாரு பக்கம்?"

"நான் சாப்பாட்டுப் பக்கம்," என்று தட்டை எடுத்துக்கொண்டு டிவி முன்னால் போய்விட்டார். அந்தப் பதில் என்னை இன்னும் எரித்தது. அன்றிலிருந்து அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு அடிக்கடி ஏதோ அடித்துக்கொண்டிருந்தார். நான் வந்தால் திரையைக் கவிழ்ப்பார். இந்த வயதில் இது என்ன புதுப் பழக்கம் என்று அதற்கும் ஒரு கோபம் சேர்ந்தது. அவர் காபியில் சீனி போடாமல் வைத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

குருத்து ஞாயிறன்று பூசை முடிந்து கால்வின் என்னிடம் வந்தான். "ஆண்ட்டி, எத்தன பக்கம் ஆச்சு?"

"அஞ்சு."

"பாதிய இங்கிலீஷ்ல வாசிச்சிருவோமா? யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"நான் சொல்லுவேன்," என்றேன். பதினேழு வருடத்தில் ஒருமுறையும் தமிழ் நிற்கவில்லை. என் கையில் நிற்கப் போகிறது. அந்த நினைப்புதான் என்னை அரித்தது. அதை யார் மேலாவது போட வேண்டும் போலிருந்தது, போடுவதற்கு ஓர் ஆள் கைவசம் இருந்தான்.

புனித வாரத்துப் புதன்கிழமை. எட்டாவது பக்கத்தில் இருந்தேன். தோமஸ் வேலையிலிருந்து வந்தார், கை கழுவினார், மேசையில் என் எதிரே உட்கார்ந்து ஒரு பென்டிரைவை வைத்தார்.

"இத போட்டுப் பாரு."

"என்ன இது?"

"போட்டுப் பாரேன்."

போட்டேன். உள்ளே ஒரே ஒரு எழுத்துருக் கோப்பு. அதன்மேல் இரண்டு முறை தட்டச் சொன்னார். தட்டினேன். பிறகு திருப்பாடுகளைத் திறந்தேன்.

முதல் பக்கம் தமிழில் இருந்தது. என் தமிழ். நான் போன வருடம் திருத்திய காற்புள்ளிகூட அந்த இடத்திலேயே இருந்தது.

தோமஸ் தம் போனைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார். ஹேமநாதன் அனுப்பிய படங்கள். அவன் போட்ட ரசீதில் என் எண்ணுக்குக் கீழே தோமஸின் எண்ணும் இருந்திருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் அதே ஒரு வரி, ஒவ்வொரு விதமாக. பழைய டிஸ்க்கில் எழுத்துருக்கள் அறுபதுக்கு மேல் இருந்தனவாம், எல்லாம் வெறும் எண்களும் ஆங்கில எழுத்துகளுமான பெயர்கள். எது சரி என்று அவனால் பார்த்துச் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகப் போட்டு, படம் எடுத்து, 'அங்கிள் இது சரியா' என்று கேட்டிருக்கிறான். மலாயில் எழுதியிருந்தான். இவரும் மலாயிலேயே, 'இல்ல தம்பி.' 'இதுவும் இல்ல.' 'கிட்ட வந்துட்ட, ஆனா இல்ல.' ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆகவே பேருந்தில் ஏறியதும் ஒரு கட்டு, வீட்டில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கட்டு. நாற்பத்து மூன்றாவது படத்தில் 'ஆண்டவரே' என்று இருந்தது. அதற்குக் கீழே தோமஸ் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார். 'இதான்.'

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கத்தினேன். கோபத்துக்குப் போக வேறு வழி தெரியவில்லை.

"சொன்னா கேட்டிருப்பியா?"

நான் அந்தப் படங்களை மறுபடி மேலே தள்ளிப் பார்த்தேன்.

"பஸ் ஸ்டாப்ல வந்து குடுத்துட்டுப் போனான். மோட்டார்ல. வீட்டுக்கு வாடான்னேன். ஆண்ட்டி இருப்பாங்க, வேணாம் அங்கிள்ன்னான்."

பெரிய வெள்ளியன்று திருப்பாடுகள் தமிழில் வாசிக்கப்பட்டன. யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. பேதுரு தன் குருவையே மறுதலிக்கும் இடம் வந்தபோது நான் தாளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தேன்.

அதற்கு முந்தின நாளே குழுவில் எழுதிவிட்டேன், 'தவறு என்னுடையது. அந்தத் தம்பி எதையும் அழிக்கவில்லை. தாராளமாக அவரிடம் கொடுங்கள்.' என் முதல் செய்திக்கு அறுபது பேர் பதில் எழுதியிருந்தார்கள். இதற்கு இரண்டு கட்டைவிரல் வந்தது. அதில் ஒன்று தோமஸ். அந்தக் குழுவின் மேல் எனக்கு ஆத்திரம் பொங்கியது. நெருப்பை வைத்தது யார் என்று ஞாபகம் வந்ததும் ஆத்திரம் அப்படியே என் பக்கம் திரும்பியது. இன்றும் அது முழுக்க அடங்கவில்லை. அடங்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

உயிர்ப்பு ஞாயிறு முடிந்து செவ்வாய்க்கிழமை கடைக்குப் போனேன். கடையில் வேறு யாரும் இல்லை. ஹேமநாதன் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான், அடுத்த அடி எங்கிருந்து விழும் என்று பார்க்கிறவனைப் போல.

"மன்னிச்சிரு தம்பி. நான் பேசினது பாவம்."

"பரவால்ல ஆண்ட்டி. அன்னிக்கே நானும் கேட்டிருக்கணும், என்ன எழுதியிருக்குன்னு." மேசையில் இருந்த ஒயரைச் சுற்றிக்கொண்டே பேசினான். "கேக்க வெக்கம். எல்லாரும் தமிழ்ல எழுதி ஒட்டிட்டுப் போவாங்க. நானும் ஓகே ஓகேன்னுருவேன். அப்புறம் போன் பண்ணி, சும்மா கேக்கற மாதிரி, 'என்ன செய்யணும் சொன்னீங்க'ன்னு கேட்டுக்குவேன். அன்னிக்கு உங்களுக்குப் போன் பண்ணல. தெரிஞ்ச வேலதானேன்னு விட்டுட்டேன்."

"அம்மா அப்பா...?" என்று தொடங்கி, நான் அன்று கேட்டது ஞாபகம் வந்து நிறுத்தினேன்.

"அம்மா சிம்பாங் ரெங்கம் பக்கம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினாங்க. அவங்களுக்கே எழுதப் படிக்கத் தெரியாது. கிட்ட இருந்தது மலாய் ஸ்கூல், அதுல போட்டாங்க. சொல்லிக் குடுக்கறதுக்கு அவங்ககிட்ட ஒண்ணும் இல்ல ஆண்ட்டி." கோபமே இல்லாமல் சொன்னான். கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது கீழே ஹார்ன் அடித்தது. பார்சல்காரன். "ஒரு நிமிஷம் ஆண்ட்டி, பாட்டரி வந்திருக்கு, கையெழுத்துப் போடணும்," என்று இறங்கினான்.

நான் தனியாக இருந்தேன். சுவரோரப் பலகையில் பழுதுக்கு வந்த கணினிகள் வரிசையாக இருந்தன. எண்ணிக்கை குறைவுதான். ஏன் குறைவு என்று எனக்குத் தெரியும். கடைசியில் இருந்த ஒன்றின் மூடியில் மஞ்சள் தாள், தமிழில், நெருக்கி நெருக்கி எழுதியது. ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியருடையது. 'விண்டோஸ் மாற்றலாம். ஆனால் மாணவர் படங்கள் டெஸ்க்டாப்பில் உள்ளன, அவற்றை முதலில் நகல் எடுக்கவும். பிரிண்டர் பழையது, அதற்கான மென்பொருளை நீக்க வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.' அவன் அதை ஒதுக்கி, கடைசியில் தள்ளி வைத்திருந்தான்.

மேசையில் கிடந்த ரசீதுப் புத்தகத்திலிருந்து வெற்றுத் தாள்கள் சிலவற்றைக் கிழித்தேன். பேனாவை எடுத்து மலாயில், பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக எழுதினேன். படங்கள் முதலில். பிரிண்டரைத் தொடாதே. வெள்ளிக்கிழமை. அந்தப் பலகையில் தமிழ்ச் சீட்டுகள் இன்னும் இரண்டு இருந்தன. அவற்றையும் எழுதினேன். ஒரு சீட்டில் ஓர் அம்மா, 'ராசா, பாஸ்வர்ட் என் பேரன் பிறந்த நாள்' என்று தேதியே போடாமல் எழுதியிருந்தார். 'தேதியைப் போன் பண்ணிக் கேள்' என்று எழுதினேன். தாள்களை மடித்து அந்தந்தக் கணினியின் மூடிக்குள், விசைப்பலகையின் மேல் வைத்து மூடினேன். என் பெயர் எதிலும் இல்லை.

படியில் காலடி கேட்டது. பேனாவை இருந்த இடத்தில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"சாரி ஆண்ட்டி, லேட்டாயிருச்சு. பக்கத்துக் கடையில குடிக்க தே தாரே சொல்லட்டுமா?"

"சொல்லு தம்பி. சீனி கம்மியா."